முள் நிற்கட்டும்

நூர்ஜகான் டீச்சர் போய்விட்டார் என்று வசந்தி போனில் சொன்னதும் நான் அவளைத் திட்டினேன். "யாரு சொன்னா? போன்ல எதையாவது பாத்துட்டு விடிஞ்சதும் விடியாததுமா ஆரம்பிக்காதே" என்றேன். காலை ஏழரை மணி. திருப்போரூரில் என் மகன் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் நூர்ஜகானைப் பார்ப்பதாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது அவர் எப்படிப் போகலாம்?

"டீச்சர், நான் அவங்க வூட்லதான் கீறேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க. சீக்கிரம் வந்துடுங்க" என்றாள் வசந்தி. எங்கள் பழைய மாணவி; அறுபதைத் தாண்டி, இன்ஜினியராக ஓய்வு பெற்றுவிட்டவள். என்னிடம் பேசினால் மட்டும் இன்னும் பதினாறு வயசுப் பிள்ளையின் குரல்தான் வரும். அன்று அந்தக் குரல் இல்லை. பிறகு சொன்னாள்: "ஸ்கூல்ல பழைய பிள்ளைங்க சேர்ந்து நினைவு மலர் போடப்போறாங்க. நீங்கதான் எழுதணும்னு எல்லாரும் சொல்றாங்க. எழுதினா எல்லாத்தையும் எழுதுங்க டீச்சர்."

எல்லாம் என்று அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். இந்த மலரைப் படிக்கப் போகிற உங்களில் பாதிப் பேருக்கு அந்தச் சிவப்புக் கோட்டுக் கதை தெரியும். நூர்ஜகான் டீச்சர் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பொய் ரீடிங் எழுத வைத்தார், ஆய்வுக்கு வந்தவரிடம் மாட்டிக்கொண்டார், அதிலிருந்துதான் இவ்வளவு கறார் ஆனார் என்பது கதை. அவருடைய பணி நிறைவு விழாவில்கூட ஒருவர் அதை மைக்கில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் மேடையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தக் கதை தப்பு. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். அஞ்சலி என்று நினைத்துப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் அந்தப் பெண்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனேன். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. குடியிருப்பிலிருந்து காலை பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் புடவை கசங்கிப் பாதி உயிர் போய்விடும். நூர்ஜகானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பஜாரில் அவர் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தராசுக் கடை. தராசு விற்பது, பழுது பார்ப்பது, எடைக்கல்லுக்கு முத்திரை வாங்கித் தருவது. வீடு கடைக்குப் பின்னாலேயே. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த முதல் பெண் அந்தத் தெருவில் அவர்தான். ஆசிரியர் அறையில் சுத்தமாக, நிறுத்தி, புத்தகத் தமிழுக்குப் பக்கத்தில் பேசுவார். கோபம் வந்தால் போச்சு, பஜார் வந்துவிடும். "இன்னா டீச்சர் இது?" என்று ஆரம்பித்தாரானால் நாற்காலியை நகர்த்திக்கொள்வது நல்லது.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் கல்லூரியில் இருந்த பியூசி போய்ப் பள்ளிக்கூடத்துக்கே பிளஸ் ஒன் வந்தது. எங்கள் பள்ளிக்கு அறிவியல் பிரிவைத் தற்காலிகமாகத்தான் கொடுத்தார்கள். ஒரு வருஷம் நடத்துங்கள், கடைசியில் வந்து பார்ப்போம், சோதனைக்கூடமும் பிள்ளைகளும் சரியாக இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்பது ஏற்பாடு. பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். மூடினால் அவர்கள் ஆண்கள் பள்ளிக்குத்தான் போக வேண்டும். போக விடுகிற அப்பாக்கள் அந்தப் பதினொருவரில் இரண்டு பேரோ மூன்று பேரோதான். வசந்தியின் அப்பா தலைமை ஆசிரியையின் அறையிலேயே சொல்லிவிட்டார்: "இங்க இருந்தா படிக்கட்டும். அங்கெல்லாம் அனுப்ப மாட்டேன். நின்னுக்கட்டும், மாப்பிள்ளை கீறான்." வசந்தி சுவரைப் பார்த்தபடி நின்றாள். அன்றே நூர்ஜகான் என்னிடம், "இந்த குரூப்ப மூட வுடமாட்டேன் டீச்சர். என் தல போனாலும் சரி" என்றார். நான் அதை வாய்ப்பேச்சு என்று நினைத்தேன்.

இயற்பியலுக்கென்று மேல்படிப்புப் படித்த ஆள் இல்லை. பாடம் பாதி நான், பாதி அவர். செய்முறை முழுக்க அவர் பொறுப்பு. ஊசல், ஸ்பிரிங் வில் இரண்டும் வருகிற தனிச்சீரிசை இயக்கத்தை, கணக்கு நிறைய இருக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் ஐந்தே வரி. ஆடுகிற பொருள் ஓரத்தில் இருக்கும்போது திசைவேகம் பூஜ்யம். நடுவில் வரும்போது பெருமம். அந்தப் பெருமம், ஓரம் வரை ஆடுகிற தூரமான வீச்சையும் ஒமேகாவையும் பெருக்கினால் வருவது. கீழே கோடு போட்டுச் சாக்பீஸை வைத்துவிட்டுக் கை தட்டிக்கொண்டேன்.

வசந்தி எழுந்தாள். "டீச்சர், ஓரத்துலதான இழுப்பு ஜாஸ்தி? நடுவுல இழுப்பே இல்லன்னு போன கிளாஸ்ல சொன்னீங்க. இழுக்கவே ஆளில்லாத எடத்துல எப்பிடி டீச்சர் வேகம் ஜாஸ்தி ஆவும்?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. "சூத்திரம் சொல்லுதில்ல? எழுதிக்கோ. உட்காரு" என்றேன்.

அந்தப் பிப்ரவரியில் நூர்ஜகானை மூன்று வாரப் பயிற்சிக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். சோதனைக்கூடச் சாவி என்னிடம் வந்தது. தனி ஊசல் செய்முறையை நான் நடத்த வேண்டியதாயிற்று. நூலில் குண்டைத் தொங்கவிட்டு, மெல்ல ஆட விட்டு, இருபது ஆட்டத்துக்கு ஆகிற நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. புத்தகத்தில் சென்டிமீட்டர் கணக்கில் 980 என்று போட்டிருக்கும். என் போதாத காலம், நான் பிள்ளைகளிடம் சொன்னேன்: "குண்டு ஓரத்துக்குப் போய் ஒரு நொடி நிக்குது பாருங்க, அங்க வாட்ச்சை அமுக்குங்க. ஓடும்போது அமுக்கினா தப்பாயிடும். நிக்கும்போதுதான் பார்க்கச் சுலபம்."

யாருக்கும் இதில் தப்பு தெரியாது. எனக்கும் தெரியவில்லை. வந்த விடைகளை வரிசையாகப் பலகையில் எழுதினேன். ஒருத்திக்கு 940, ஒருத்திக்கு 1010, இன்னொருத்திக்கு 1085. ஒரே மேஜை, ஒரே நூல், ஒரே குண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு பூமி. எனக்கு அவமானமாக இருந்தது. நான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாகச் செய்கிறதைச் செய்தேன். 980 வருவதற்கு நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பலகையில் எழுதினேன். "இந்த ரீடிங்கை ரெக்கார்டுல ஏத்துங்க, சும்மா பாயிண்ட் ஒண்ணு, ரெண்டு முன்னபின்ன மாத்திக்கோங்க" என்றேன். பதினொரு ரெக்கார்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும்; யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

நூர்ஜகான் திரும்பி வந்தார். ஆய்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் என்று கடிதம் வந்திருந்தது. நோட்டுகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் எதிரில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

"மரகதம் டீச்சர், பதினோரு பேருக்கும் 980ஆ?"

"வந்திருக்கே."

"பூமியே இவ்ளோ சரியா இருக்காது டீச்சர். நம்ம ஊர்ப் பக்கம் 978க்குக் கிட்டதான் வரணும்னு மெட்ராஸ்ல இப்பதான் சொல்லிக் குடுத்தாங்க. அதுவும் அங்க இருக்கற கருவிக்கு. நம்ம நூலுக்கும் இந்த வாட்ச்சுக்கும் 980 எப்பிடி வரும்?" பிறகு பஜார் வந்தது. "இன்னா டீச்சர் இது? அடிச்சு எழுத வச்சிகீறீங்க!"

சிவப்பு மை பேனாவை எடுத்துப் பதினொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். என் கையெழுத்தின் மேலேயே கோடு போனது. நான் கத்தினேன். பன்னிரண்டு நாளில் ஆட்கள் வரப்போகிறார்கள், சிவப்புக் கோட்டைப் பார்த்தால் பிரிவை அப்போதே மூடுவார்கள், உங்களுக்கு நேர்மை பெரிதா அந்தப் பிள்ளைகள் பெரிதா என்று கேட்டேன். "பிள்ளைங்கதான். அதான் கோடு போட்டேன்" என்றார். அதன் பிறகு மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. அடுத்தடுத்த நாற்காலி. பேசாமல் இருப்பதற்கு எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வாய் உள்ளவளுக்கு அதைவிட என்ன தண்டனை?

ஞாயிற்றுக்கிழமை காலை கல்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நூர்ஜகான் நின்றார். கையில் கனமான பை. என் கணவர் வாங்கிக்கொள்ளப் போய், "அடேயப்பா, என்னம்மா இது?" என்றார். முத்திரை போட்ட ஐந்து கிலோ எடைக்கல். "நாஸ்தா ஆச்சா டீச்சர்? கிளம்புங்க" என்றார் என்னிடம், மூன்று நாளாகப் பேசிக்கொண்டே இருந்தவர் போல. "மகாபலிபுரத்தாண்ட ஒரு குப்பத்துல எங்க அத்தா குடுத்த தராசு பொய் சொல்லுதுன்னு கம்ப்ளைண்ட். அத்தாவுக்கு முட்டி வலி. பாத்துட்டு வந்துடலாம்." தராசுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நான்தான் முதலில் பேசியதாக ஆகிவிடுமே என்று பேசாமல் செருப்பை மாட்டினேன்.

மாமல்லபுரம் வரை பஸ். அங்கிருந்து மணலில் வடக்கே நடை. கட்டுமரங்கள் வந்துவிட்டிருந்தன. அப்போது இறாலுக்குக் கிராக்கி வந்த நேரம். வாங்குவதற்கு ஏஜெண்ட் ஒருவர் மூன்று மூங்கிலை முக்காலி போலக் கட்டி, நடுவில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டிருந்தார். பித்தளை முகம், நீளவாக்கில் எண்கள், கனம் கூடினால் முள் கீழே இறங்கும். சுற்றிலும் கூடையோடு பெண்கள். அதில் கன்னியம்மா என்பவர் எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"தராசுக்கார பாய் பொண்ணு வந்துகீது பாருடி! வாம்மா. உங்க நைனா இன்னா தராசு குடுத்துகீறாரு? வூட்ல படியில அளந்து எடுத்தாந்தா ஒண்ணு கீது, இங்க மாட்டினா வேற ஒண்ணு கீது. ஒரே பேஜாரு."

நூர்ஜகான் எடைக்கல்லை எடுத்துக் கொக்கியில் மெதுவாக மாட்டினார். முள் ஐந்தில் போய் நின்றது. கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடி ஐந்து. "தராசு சரியாத்தான் கீது" என்றார். கன்னியம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். "அப்ப நாங்க பொய் சொல்றோமா?"

"யாரும் பொய் சொல்லல. நீங்க உங்க கூடையக் குடுங்க. அண்ணாத்த, நீங்க எப்பவும் போடற மாதிரியே போடுங்க" என்றார் நூர்ஜகான் ஏஜெண்டிடம். பிறகு என் முழங்கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "டீச்சர், முள்ள மட்டும் பாருங்க. எந்த நம்பர் உங்க கண்ணுல படுதுன்னு சொல்லுங்க."

ஏஜெண்ட் அவசரக்காரர். கூடையைத் தூக்கி ஒரே போடாகக் கொக்கியில் போட்டார். முள் சரேலென்று கீழே போய், திரும்பி மேலே வந்து, மறுபடி கீழே. மேலே வந்த இடத்தில் "மூணு" என்று கூவிக்கொண்டே கூடையை எடுத்துவிட்டார்.

"எங்க தெரிஞ்சது?" என்றார் நூர்ஜகான்.

"மேலே மூணு. கீழே ஏழு."

"நடுவுல?"

"நடுவில எங்கே பார்க்கிறது? ஓடுது. மேலேயும் கீழேயும் ஒரு நொடி நின்னு திரும்புது, அதான் கண்ணுக்குத் தெரியுது." சொல்லி முடிப்பதற்குள் என் ஐந்து வரிப் பலகை கண் முன்னால் வந்தது.

"அந்த ஓடற எடத்துலதான் டீச்சர் நெசமான எடை கீது" என்றார் அவர். "நம்ம கண்ணு நிக்கற எடத்ததான் நம்பும். ஓடற எடத்த நம்பாது. அவரு கூடைய வேகமாப் போடப் போட வீச்சு ஜாஸ்தி ஆவுது. வீச்சு ஜாஸ்தி ஆனா நடுவுல வேகமும் ஜாஸ்தி. நெசத்தக் கண்ணு பாக்கவே முடியாது."

"வசந்தி கேட்டாளே, இழுக்க ஆளில்லாத இடத்தில எப்படி வேகம் ஜாஸ்தின்னு" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"ஓரத்துலேந்து நடு வரைக்கும் இழுத்துகினே வருது இல்ல? இழுப்பு கொறஞ்சுகினே வரும், ஆனா இழுக்கற வரைக்கும் வேகம் ஏறிகினேதான் இருக்கும். நடுவுல வந்ததும் இழுப்பு முடிஞ்சுது. அதுக்கு மேல ஏற வழியில்ல. தாண்டினா எதிர்ப்பக்கம் புடிச்சு இழுத்து வேகத்தக் கொறைக்கும். அதனால உச்சம் நடுவுலதான்." பிறகு, என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊசலும் அப்பிடித்தான். ஓரத்துல அது நின்னுகினு கீது. எந்த நிமிஷம் திரும்புச்சுன்னு யாருக்குத் தெரியும்? வாட்ச்ச ஒருத்தி முன்னாடி அமுக்குவா, ஒருத்தி பின்னாடி அமுக்குவா. நடுவுல கோடு போட்டா, பளிச்சுன்னு தாண்டிடும். தப்பு பண்ணவே நேரம் குடுக்காது."

ஓடும்போது அமுக்கினால் தப்பாகிவிடும் என்று நான் பதினொரு பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஓரத்தில் திசைவேகம் பூஜ்யம், நடுவில் பெருமம் என்று என் கையாலேயே பலகையில் எழுதிவிட்டு, கோடும் போட்டுவிட்டு, நிற்கிற ஓரத்தை நம்பச் சொல்லியிருந்தேன். சூத்திரத்தை எழுதத் தெரிந்ததே தவிர அது எதைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

நூர்ஜகான் அதற்குள் ஏஜெண்டிடம் திரும்பிவிட்டார். "அண்ணாத்த, இனிமே கூடைய மாட்டிட்டு கைய எடுங்க. முள் நிக்கட்டும். நின்னப்பறம் படிங்க."

"அதுக்கெல்லாம் ஏது டைமு? நான் பத்து குப்பம் போவணும்" என்றார் அவர்.

"நிக்கிறதுக்கு முன்னாடி படிச்சா அது எடை கெடையாது" என்றார் நூர்ஜகான். கன்னியம்மா கூடையைத் தானே வாங்கி மாட்டினார். முள் ஆடி, ஆடி, அடங்கி, ஏறக்குறைய ஐந்தில் நின்றது. "இத்தினி நாளா மேல போன நம்பரத்தான் சொல்லிகினு இருந்தியா, மச்சான்?" என்றார் ஏஜெண்டைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. ஏஜெண்ட் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கூடைக்குக் கையை எடுத்துவிட்டு நின்றார்.

மறுநாளிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் சோதனைக்கூடத்துக்கு வந்தார்கள். காற்று அசைக்கக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, செங்கல்பட்டு வெக்கையில் பதினொரு பெண்களும் நாங்கள் இருவரும் வெந்தோம். நூலுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடு. குண்டு கோட்டைத் தாண்டும்போது வாட்ச்சை அமுக்கு. அப்போது "ஒன்று" என்று சொல்லக் கூடாது, "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். இந்தப் பூஜ்யத்தில்தான் அந்த 1085 பிறந்திருந்தது. கிளம்பும்போதே ஒன்று என்று எண்ணியவள் பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எழுதியிருந்தாள். நூர்ஜகான் முதலில் வாட்ச்சை என் கையில் கொடுத்தார். நானும் "ஒன்று" என்றேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த நேரத்தில்கூட, உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும், எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆய்வு நாள் வந்தது. வந்தவர் வயதானவர், பொறுமையானவர். சோதனைக்கூடத்தில் அவர், தலைமை ஆசிரியை, நூர்ஜகான், நான், ஊசலுக்குப் பக்கத்தில் வசந்தி. ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா? எல்லா நோட்டிலும் ஒரே 980. எல்லாத்திலும் சிவப்புக் கோடு."

தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்.

"பொய்யா எழுத வச்சு, அப்புறம் பயந்துபோய் அடிச்சிருக்கீங்க. அப்படித்தானே? யார் பண்ணினது?"

நான் நூர்ஜகானிலிருந்து மூன்றடி தள்ளி நின்றேன். வேலைக்குச் சேர்ந்து எனக்கு இரண்டு வருஷம் முடியவில்லை, தகுதிகாண் பருவம். ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் பேச்சு வராமல் போனது அந்த ஒரே முறைதான்.

"லேப் என் பொறுப்பு சார்" என்றார் நூர்ஜகான். "பொய்னு தெரிஞ்சதும் அடிச்சேன். பயந்து அடிக்கல. புதுசா எடுத்தது அடுத்த பக்கத்துல இருக்கு. நம்பிக்கை இல்லன்னா இந்தப் பொண்ண எடுக்கச் சொல்லுங்க."

வசந்தி என்னைப் பார்த்தாள். பிறகு நூர்ஜகானைப் பார்த்தாள். நூர்ஜகான் தலையை லேசாக ஆட்டினார்: நீ பேசாதே, உன் வேலையைப் பார். அவள் குண்டை ஆட விட்டாள். ஏன் நடுவில் வாட்ச்சை அமுக்குகிறாய் என்று ஆய்வாளர் கேட்டார்.

"அங்கதான் சார் வேகம் ஜாஸ்தி. கோட்ட எப்ப தாண்டுதுன்னு கரெக்டா தெரியும். ஓரத்துல அது நின்னுடுது, எப்ப திரும்புச்சுன்னு சொல்ல முடியாது." இருபது ஆட்டம். பூஜ்யத்திலிருந்து. கணக்குப் போட்டு நீட்டினாள்: 974.

"புத்தகத்தில் 980 இருக்கே."

"எனக்கு வந்தது இதுதான் சார்."

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பிரிவைத் தொடர அனுமதி வந்தது. பதினொரு பேரும் பிளஸ் டூ முடித்தார்கள். வசந்தியின் அப்பாவுக்கு மாப்பிள்ளையிடம் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே தபாலில் இன்னொரு கடிதமும் வந்தது. ஆய்வகப் பதிவேடுகளில் பொய்யான அளவீடுகள் காணப்பட்டதற்காகப் பொறுப்பாசிரியை எச்சரிக்கப்படுகிறார். அந்த வரி அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியது. இரண்டு முறை தலைமை ஆசிரியைப் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. இரண்டு முறையும் அந்த வரியை எடுத்துக் காட்டியதாக அலுவலக எழுத்தர் என்னிடம் சொன்னார். நான் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றேன். நூர்ஜகான் உதவி ஆசிரியையாகவே ஓய்வு பெற்றார்.

முதல் பட்டியல் வந்த சமயத்தில் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அவரிடம் அழுதிருக்கிறேன். "நான் போய் எழுதிக் கொடுத்துடறேன் நூர்ஜகான். என்னால தாங்க முடியல" என்றேன். அவர் என் புடவைத் தலைப்பாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். "இன்னாத்துக்கு இப்ப? அன்னிக்கு உங்களுக்கு வேலயே போயிருக்கும், எனக்கு ஒரு வரிதான். நீங்க இன்னும் ஆடிகினு கீறீங்க டீச்சர். இன்னிக்கு அழுதுகினு சொல்வீங்க, நாளைக்கு ஏன் சொன்னோம்னு இருக்கும். முள் நிக்கட்டும். நின்னப்பறம் படிச்சாப் போதும்." பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னதை வசதியாகப் பிடித்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த வசந்தி ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை என் மடியில் வைத்தாள். அந்தப் பக்கம் பழுப்பேறியிருந்தது. மை மட்டும் மங்கவில்லை. கோழி கிளறின கையெழுத்தும் அதன் மேல் சிவப்புக் கோடும் அப்படியே இருந்தன.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வசந்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நூர்ஜகானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எதையும் கடகடவென்று படித்துவிடத் தோன்றும்போது கையை எடுத்துவிட்டு நிற்கிற பழக்கமும்தான். பழக்கம் பாதிதான் வந்திருக்கிறது என்று என் மருமகள் சொல்வாள்.

இனி அந்தச் சிவப்புக் கோட்டுக் கதையைச் சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லுங்கள். பொய் ரீடிங்கைப் பலகையில் எழுதியது நான். பிள்ளைகளை ஏற்றி எழுத வைத்தது நான். கேட்டபோது வாய் திறக்காமல் நின்றது நான். கோடு போட்டது மட்டும்தான் அவர். இதை அழுதுகொண்டு எழுதவில்லை, நூர்ஜகான். கை ஆடவில்லை. அந்தப் பதினொரு பக்கங்களிலும் யாருக்கும் புரியாமல் கிறுக்கியதை இங்கே எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

ச. மரகதம், கணித ஆசிரியை.